வயிறும் தலைச்சுற்றும்

(பாசிக்குடாவில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

"தலை சுற்றுகிறது" என்று ஒருவர் சொன்னால், "பித்தம் ஏறிவிட்டது, இஞ்சி இடித்துக் குடி" என்பது நம்மூர் வழக்கு. வயிற்றுக்கும் தலைக்கும் தொடர்பு கண்ட நம் முன்னோரின் எண்ணம் வீணானதன்று. ஆயினும், அத்தொடர்பு எவ்வழியால் வந்தது என்று ஆராயாமல் எல்லாவற்றையும் பித்தத்தின்மேற் சுமத்தினால் உயிருக்கே மோசம் வரலாம். அவ்வழிகளுள் முக்கியமானவை மூன்று: நீர், இரத்தம், நரம்பு.

முதலாவது நீர். வயிற்றோட்டமும் வாந்தியும் உடலின் நீரையும் உப்பையும் கொண்டுபோகின்றன. இரத்தத்தின் அளவு குறையவே, எழுந்து நிற்கும்போது மூளைக்குப் போதிய இரத்தம் ஏறாமல் தலை சுற்றுகிறது. 1971 இல், வங்காளதேச யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்து அகதி முகாமொன்றில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் போதாமற் போகவே, டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயாற் பருகக் கொடுத்தார். 100 பேருக்கு 30 வரையிருந்த மரணம் 4 க்கும் கீழே இறங்கியது. இன்று நம் மருந்துக் கடைகளில் வாங்கும் ஜீவனி அவ்வழி வந்ததே. ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக வேண்டும்.

இரண்டாவது இரத்தம். இரைப்பைப் புண்ணிலிருந்து மெல்ல மெல்லக் கசியும் இரத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலம் தார்போலக் கறுக்கும். களைப்பும் தலைச்சுற்றும் தோன்றும். உறைப்பும் கவலையுமே புண்ணுக்குக் காரணமென்று வைத்தியரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1984 இல் அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் ஒருவகைக் கிருமியைத் தாமே குடித்து, அதனால் இரைப்பை அழற்சி உண்டாவதைக் காட்டினார்; 2005 இல் றொபின் வொறனுடன் நோபல் பரிசு பெற்றார். மூட்டு நோவுக்கு நாள்தோறும் விழுங்கும் குளிசைகள் பலவும் இப்புண்ணை உண்டாக்க வல்லவை.

மூன்றாவது நரம்பு. மூளையிலிருந்து வயிறுவரை இறங்குவது வேகசு நரம்பு. வயிறு கடுமையாக முறுக்கும்போதும், மலங்கழிக்க முக்கும்போதும் அது இதயத் துடிப்பைத் தாழ்த்த, ஆள் மயங்கி விழுவதுண்டு. முதியோர் சிலருக்கு வயிறு நிறைய உண்டபின் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அவர்கள் அளவாக உண்டு, சற்று இருந்து எழுவது நன்று.

ஆனால் எல்லாத் தலைச்சுற்றும் வயிற்றிற் பிறப்பதில்லை. நம் பாசிக்குடாவின் அமைதியான கரையைக் கடந்து, ஆழ்கடலில் தோணி ஆடும்போது ஓங்காளம் வருகிறதே! அங்கே வயிற்றிற் குற்றமில்லை. உட்காது உணரும் ஆட்டமும் கண் காணும் காட்சியும் ஒவ்வாமையே காரணம். இதைவிடக் கொடியது மாரடைப்பு. நெஞ்சு இறுக்கம், வியர்வை, ஓங்காளம், தலைச்சுற்று ஆகியவை சேர்ந்து வந்தால், "வாய்வு" என்று சோடா குடித்துக் காத்திருக்கலாகாது. உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இளைஞர்களே! வீட்டிலுள்ள அம்மம்மா தலை சுற்றுகிறதென்றால் அருகே அமர்ந்து கேளுங்கள்: எப்போது சுற்றுகிறது? வயிற்றோட்டமுண்டா? என்ன குளிசை எடுக்கிறீர்கள்? மலம் என்ன நிறம்?

கடைசிக் கேள்வியைக் கேட்க நாமும் வெட்கப்படுகிறோம். சொல்ல அவர்களும் வெட்கப்படுகிறார்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்டால் மறைக்காமற் சொல்லுங்கள். கறுத்த மலமும் தலைச்சுற்றும் சேர்ந்திருந்தால் அன்றே வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போகவேண்டும். இஞ்சிச் சாறு அடுப்படியில் இருக்கட்டும். அதற்காக வைத்தியரிடம் போகும் நேரத்தைத் தாமதிக்க வேண்டாம்.