ஊர்ப்பற்றும் அந்தரங்க உரிமையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

பிறந்த மண்மீது பற்று இல்லாதார் இலர். பிழைப்புக்காகத் தொலைதூரம் சென்றவரும் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதற்கும் ஊர் திரும்புகின்றனர். ஆயினும், நம் மக்களுக்கு ஊர்ப்பெயர் வெறும் முகவரி அன்று. 'எந்த ஊர்? எந்தத் தெரு?' என்னும் இரண்டு வினாக்களால் சாதியை அறிந்துகொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. 1917-ஆம் ஆண்டு பரோடாவில் பணியேற்கச் சென்ற அண்ணல் அம்பேத்கர், தங்க இடமின்றிப் பார்சிப் பெயரில் ஒரு விடுதியில் தங்க நேர்ந்தது. உண்மை வெளிப்பட்டதும், தடியேந்தி வந்தோர் அவரை வெளியேறச் செய்தனர். தம்மைப் பற்றி எவரிடம் எதைச் சொல்வது என்னும் உரிமை நமக்கு உயிரனையது.

இன்று அதே வினாவைக் கைப்பேசி ஓசையின்றிக் கேட்கிறது. இரவில் அது தங்கும் இடம் வீடென்றும், பகலில் தங்கும் இடம் பள்ளியென்றும் ஊகிக்கப்படுகின்றன. ஆளுக்கேற்ப வழியும் விளம்பரமும் காட்டும் தொழில்நுட்பத்துக்கு இவ்விவரங்களே தீனி. 15 இலட்சம் பேரின் கைப்பேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, பெயரே இல்லாவிடினும், இடமும் நேரமும் கொண்ட 4 குறிப்புகள் 100-க்கு 95 பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று கண்டது. நாம் நாடிச் செல்லும் இடங்களே நம்மை இன்னார் எனக் காட்டிக் கொடுக்கின்றன.

'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. ஆனால் ஏட்டில் சொல் மாறினாலும் வரைபடத்தில் புள்ளி மாறாது. ஆகவே சட்டத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிறையாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது.

மாணவச் செல்வங்களே! ஒரு செயலி உங்கள் இருப்பிடத்தைக் கேட்டால், எதற்கென்று எண்ணிப் பாருங்கள். தேவையில்லையேல் மறுத்துவிடுங்கள், தேவையெனில் பயன்படுத்தும் நேரத்துக்கு மட்டும் அனுமதியுங்கள். ஊரை மறைத்து வாழுங்கள் என்று நான் கூறவில்லை. ஊர்ப்பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். ஆனால் அதைச் சொல்பவர் நீங்களாகவே இருங்கள்.