உப்பு, புளித்த மாவு, ஒரு காசு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம கூட்டமைப்புல எல்லா மதத்தாரும் இருக்கோம். நான் கிறிஸ்தவள். எனக்குத் தெரிந்த வேதத்திலிருந்து ரெண்டு வார்த்தை சொல்றேன். பயப்படாதீங்க, எல்லாம் நம்ம அடுப்படி சங்கதிதான். இயேசு சாமி உப்பு, விளக்கு, மாவு, விதை, வலை என்று வீட்டிலும் வேலையிலும் புழங்குற பொருளை வச்சுத்தான் பேசினார்.

மலைப் பிரசங்கத்தில் தம் சீடர்களை உப்புக்கு ஒப்பிட்டார். குழம்பில் உப்பு சரியா இருந்தா யாரும் உப்பைப் பற்றிப் பேசமாட்டாங்க. குறைஞ்சாலும் கூடினாலும்தான் பேச்சு வரும். நல்லது செய்றவங்களும் அப்படி வெளியே தெரியாமல் கரையணும்.

மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் மூன்று படி மாவில் கொஞ்சம் புளித்த மாவை வைக்கிறாள். எல்லாம் புளித்துப் பொங்குகிறது. பனிக்காலத்தில் நாமும் பழைய இட்லி மாவு ஒரு கரண்டி கலக்குறோமே, அதுதான். கலக்கிட்டு ராத்திரி முழுக்கப் பொறுத்திருக்கணும். வாரம் 20 ரூபாய் சேமிப்பில் ஆரம்பிச்ச நமக்கு அது புரியும்.

மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. லூக்கா 15-ஆம் அதிகாரம். ஒரு பெண்ணிடம் பத்து வெள்ளிக்காசு. ஒன்று தொலைந்து போகிறது. ஒரு காசு என்றால் அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறாள்.

எங்க குழுவில் 12 பேர். ஒரு அக்கா மூணு மாசம் கடன் கட்டல, கூட்டத்துக்கும் வரல. பேரை எடுத்துடலாம்னு பேசி முடிச்சோம். தீர்மான நோட்டில் எழுதுறதுதான் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இந்தப் பகுதியை வாசிச்சாங்க. காசு வீட்டுக்கு வெளியே தொலையல, உள்ளேதான் கிடந்தது. அது தானா திரும்பி வராது; வீட்டுக்காரிதான் குனிஞ்சு தேடணும். இந்த அக்கா வீடு எங்க தெருவிலேயேதான் இருக்கு. நான் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கல.

அன்று சாயங்காலம் மூணு பேர் போனோம். அவங்க வீட்டுக்காரருக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போகல. "அதைச் சொல்லியிருக்கலாமே அக்கா"ன்னு கேட்டேன். "வாங்குறப்ப வந்தா, கட்டுறப்ப காணோம்னு குழாயடியில நீ பேசினது என் காதுல விழுந்துச்சும்மா. அப்புறம் எந்த முகத்தோட வர்றது?" என்றார். என்னால் பதில் பேச முடியல. காசு தொலைந்தது என் கையாலதான். என் பேச்சில் உப்பு கூடிப்போச்சு. மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த கூட்டத்தில் அவங்க தவணையைக் குறைச்சு எழுதினோம். பாக்கி இன்னும் முழுசா தீரல. ஆனா வாரம் தவறாம வந்து உட்கார்றாங்க. கதையில் அந்தப் பெண் காசு கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டாள். நாங்களும் அன்று சுண்டல் வச்சு டீ குடிச்சோம்.

சகோதரிகளே, ஊருக்குப் போனதும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்க. கையெழுத்து விட்டுப்போன பேர் யாருடையது? பாக்கி கேட்கிறதுக்கு முன்னால, "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டு அந்த வீட்டு வாசப்படி ஏறுங்க.