திருந்த வந்தவன் இடையில் திரும்புவதேன்?

பாலியற் குற்றம் புரிந்தவனைச் சிறையில் அடைத்துவிட்டால் சமூகத்தின் கடமை முடிந்துவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். ஆயின், தண்டனைக் காலம் கழிந்ததும் அவன் மக்கள் வாழும் வீதிக்கே மீண்டும் வருகிறான். எத்தகைய மனத்தோடு வருகிறான் என்பதிலேயே நாளைய குழந்தைகளின் பாதுகாப்புத் தங்கியிருக்கின்றது. இது கருதியே நியூசிலாந்தில் 1989 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1991 ஆம் ஆண்டிலும் இத்தகையோருக்கெனச் சிறையினுள் உளச் சிகிச்சைத் திட்டங்கள் தொடங்கப்பெற்றன.

இச்சிகிச்சையை ஒருவன் நாடுவதேன்? முன்கூட்டியே விடுதலை பெறலாம் என்னும் நம்பிக்கை ஒரு காரணம். பிரிந்துபோன மனைவி மக்களை மீண்டும் அடையலாம் என்னும் ஆசை மற்றொன்று. தன் செயலைக் கண்டு தானே அஞ்சி வருபவனும் உளன். இடையில் விலகுவோருக்கும் காரணங்கள் பல. பலர் முன்னிலையில் தன் குற்றத்தைத் தன் வாயாற் கூறுதல் எளிதன்று. சக கைதிகளின் இகழ்ச்சிக்கு அஞ்சுவோர் உளர். தம்மிடத்துக் குறையே இல்லையென்று சாதிப்போரும் உளர். ஒழுங்குக்கு அடங்காமையால் வெளியேற்றப்படுவோரும் உளர்.

ஹான்சன், புசியேர் என்னும் கனடிய ஆய்வாளர் இருவர் 61 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 1998 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். சிகிச்சையை இடையில் விட்டவர் மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பு மிகுதி என்பது அவர் கண்ட உண்மை. வியப்பென்னவெனில், சிகிச்சையில் ஆர்வம் குன்றியிருந்ததற்கும் பிற்காலக் குற்றத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, அரைமனத்தோடு வந்தவனைப் புறக்கணித்தல் அறிவுடைமையன்று. எனினும், விலகியமையே குற்றத்துக்குக் காரணமென முடிவுகட்டவும் இயலாது. நோய் முற்றியவனே மருந்தை முதலில் வெறுப்பதும் உண்டன்றோ?

அவனை நிலைத்திருக்கச் செய்வது எது? கனடிய உளவியலாளர் வில்லியம் மார்ஷல் சிகிச்சையாளரின் நடத்தையை ஆராய்ந்தார். கடிந்து மடக்கும் போக்குப் பயன் தரவில்லை. பரிவும், கனிவும், தெளிவாக வழிகாட்டும் திறனும், சிறு முன்னேற்றத்தையும் பாராட்டும் பண்புமே பயன் தந்தன. பரிவு என்பது குற்றத்தை மன்னித்தலன்று. குற்றத்தை மறைக்கும் திரையை அவனே விலக்குமாறு துணிவூட்டுதலாகும்.

ஆயினும், இறுதிவரை அமர்ந்திருத்தல் மட்டும் போதாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைபெற்ற திட்டம் பற்றிய ஆய்வு 2017 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அத்திட்டத்திற் பங்குகொண்டோருள் நூற்றுக்கு 10 பேரும், பங்குகொள்ளாதோருள் நூற்றுக்கு 8 பேரும் மீண்டும் பாலியற் குற்றம் புரிந்திருந்தனர். அவ்வாண்டிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டுப் புதிய திட்டங்கள் புகுத்தப்பெற்றன. நல்லெண்ணம் ஒன்றே மருந்தாகிவிடாது என்பதற்கு இது சான்று.

பாதிக்கப்பட்டோரின் துயரை எச்சிகிச்சையும் அழித்துவிடாது. ஆனால், அத்துயர் இன்னொரு குழந்தைக்கு நேராமற் காத்தல் இயலும். குற்றவாளி சிகிச்சைக்கூடத்தில் நிலைத்திருக்க வேண்டுமென்று விரும்புவது அவன்பாற் கொண்ட இரக்கத்தினால் மட்டுமன்று; அவன் இனிமேற் சந்திக்கவிருக்கும் குழந்தையின்பாற் கொண்ட பொறுப்பினாலுமாகும்.