முதுமையில் பாதப் பராமரிப்பு
(முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வயது ஏற ஏறப் பாதத்தின் தோல் வறள்கிறது. அடிப்பாதத்தின் கொழுப்புப் படலம் மெலிகிறது. நீரிழிவு நோயினால் நரம்புகள் பாதிக்கப்பட்டால் உணர்வும் குன்றும். அந்நிலையில் காலில் ஏற்படும் புண் வலிப்பதில்லை. வலிக்காத புண்ணே பெரிதும் ஆபத்தானது.

ஆகவே, நாள்தோறும் பாதங்களைக் கண்ணால் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதோர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். வீட்டாரின் உதவியையும் நாடலாம். வெதுவெதுப்பான நீரில் கழுவியபின் விரலிடுக்குகளில் ஈரமின்றித் துடைத்தல் அவசியம். குதிகாலுக்குக் களிம்பு பூசுக, விரலிடுக்கில் பூசற்க. நகங்களை நேராக வெட்டுக. கால் ஆணியைத் தாமே வெட்டி எடுத்தல் கூடாது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. வீட்டினுள் அணிவதற்கெனக் குதிகாலைப் பற்றும் மென்காலணி ஒன்றை வைத்திருத்தல் நன்று. உணர்வு குன்றியோர் ஹீற்றரருகே கால் நீட்டுவதையும் சுடுநீர்ப் பையில் பாதம் வைப்பதையும் தவிர்த்தல் வேண்டும்; தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் நீரிழிவு உள்ளோருக்கு ஆண்டுக்கு 1 முறை இலவசப் பாதப் பரிசோதனை உண்டு. அழைப்பு வராவிடின் குடும்ப மருத்துவரிடம் கேட்டுப் பெறுக, மொழிபெயர்ப்பாளரையும் கோரலாம். புண், வீக்கம், நிறமாற்றம் தென்பட்டால் அப்பரிசோதனைக்கெனக் காத்திராது அன்றே மருத்துவரிடம் காட்டுக.