சாலைக் கோடும் கணிப்பொறியும்

(ஐதராபாதில் அரசு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

ஒரு சாலை மண்ணில் அமைவதற்கு முன் தாளில் ஒரு கோடாக அமைகிறது. மேலிருந்து பார்த்தால் அக்கோடு எவ்வாறு செல்கிறது, எங்கே நேராக ஓடி எங்கே வளைகிறது என்பதைத் தீர்மானிப்பதையே பொறியாளர் கிடைத்தள அமைப்பு என்பர். மேடுபள்ளங்களைப் பற்றிய குத்துநிலை அமைப்பு அதற்கு அடுத்தபடியாக வருவது. சாலையின் கனத்தையும் தாரின் தரத்தையும் பின்னால் திருத்திக்கொள்ளலாம். கோட்டைத் திருத்துவது எளிதன்று. நிலம் கையகப்படுத்தப்பட்டு, பாலங்கள் எழும்பிவிட்டால், கோடு பல தலைமுறைகளுக்கு நிலைத்துவிடும்.

இதனை விளக்க ஐதராபாதைவிடப் பொருத்தமான நகரம் கிடைப்பது அரிது. நகரைச் சுற்றி 158 கிலோ மீட்டர் நீளத்திற்கு எட்டுத் தடங்களுடன் ஓடும் வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி, கச்சிபவுலிக்கும் சம்ஷாபாதுக்கும் இடையே 2008இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 24 கிலோ மீட்டர் கொண்ட அப்பகுதியை அடுத்து 62 கிலோ மீட்டர் தனியார் முதலீட்டு முறையிலும், 71 கிலோ மீட்டர் ஜப்பானியக் கடனுதவியுடனும் கட்டப்பட்டன. வட்டம் முழுமையாக மூடப்பட்டது 2018இல். சாலைக்கென ஒதுக்கப்பட்ட அகலம் 150 மீட்டர். அதாவது, ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 15 எக்டேர் நிலம். முழு வட்டத்திற்கும், சந்திப்பு மேம்பாலங்களைச் சேர்க்காமலேயே, ஏறத்தாழ 2,370 எக்டேர். இத்துணை நிலத்தின் மேல் ஒரு கோடு வரையப்படும்போது அது யாருடைய வயலின் மீது விழுகிறது என்ற வினா எழாமல் இருக்குமா? எழுந்தது. பாதையின் போக்கு மாற்றப்பட்டது குறித்துச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் விவாதம் நடந்தது.

வளைவின் கணக்கு

வளைவில் செல்லும் வண்டியை மையவிலக்கு விசை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அதனை எதிர்ப்பவை இரண்டு: சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தி அமைக்கும் சாய்வு, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. வேகத்தின் வர்க்கத்தை, 127ஆல் பெருக்கிய ஆரத்தால் வகுத்தால் வருவது, இவ்விரண்டின் கூட்டுத்தொகையை மீறக் கூடாது. 1934இல் தோன்றிய இந்திய சாலைப் பேரவையின் விதிகளின்படி சமவெளிச் சாலையில் சாய்வு நூற்றுக்கு 7க்கு மேற்படலாகாது. பக்கவாட்டு உராய்வு 0.15 எனக் கொள்ளப்படுகிறது. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்திற்கு இவற்றைப் பொருத்தினால் குறைந்த அளவு ஆரம் 360 மீட்டர் என்று கிடைக்கும். 120 கிலோ மீட்டருக்கு, உராய்வை 0.10 எனக் குறைத்து எச்சரிக்கையுடன் கணக்கிட்டால், 670 மீட்டர் ஆகிவிடுகிறது.

நேர்கோட்டிலிருந்து திடீரென வட்ட வளைவிற்குள் வண்டி நுழையவும் முடியாது. ஓட்டுநர் சக்கரத்தைப் படிப்படியாகத்தான் திருப்புகிறார். ஆகவே நேர்கோட்டிற்கும் வட்டத்திற்கும் இடையே, ஆரம் மெல்லமெல்லக் குறைந்துவரும் மாறுநிலை வளைவு தேவை. மேற்சொன்ன 360 மீட்டர் ஆரத்திற்கு அதன் நீளம் ஏறத்தாழ 120 மீட்டர். முற்காலத்தில் தியோடலைட்டும் சங்கிலியும் கொண்டு, மடக்கை அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு முளையாக இதனை நட்டனர். ஒரு வளைவைக் கணக்கிட்டு வரைய ஒரு நாள் ஆயிற்று. மேலதிகாரி ஆரத்தை மாற்றச் சொன்னால் மறுபடியும் ஒரு நாள்.

இன்று சிவில் 3டி, எம்எக்ஸ் ரோடு, ஓபன் ரோட்ஸ் போன்ற மென்பொருள்கள் இவ்வேலையை நொடிப்பொழுதில் செய்துவிடுகின்றன. நில அளவைப் புள்ளிகளைக் கொண்டு தரையின் வடிவம் கணிப்பொறியில் உருவாக்கப்படுகிறது. வடிவமைப்பாளர் நேர்கோடுகளை இட்டு, அவை வெட்டும் புள்ளிகளில் ஆரத்தையும் மாறுநிலை நீளத்தையும் கொடுக்கிறார். ஆரம் விதிக்குக் குறைந்தால் திரையில் எச்சரிக்கை தோன்றும். வெட்டுப்புள்ளியைச் சுட்டியால் இழுத்தால் வளைவு, சாய்வு, மண்வேலையின் அளவு யாவும் உடன் மாறுகின்றன.

ஆயினும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, எந்த விதிப்படி எச்சரிக்கை தோன்றுகிறது என்பது. அயல்நாட்டு மென்பொருளுடன் வரும் அட்டவணைகள் பெரும்பாலும் அமெரிக்கச் சாலை விதிகளைச் சார்ந்தவை. அங்கு வண்டிகள் வலப்புறம் ஓடுகின்றன. இந்திய விதிக்கோப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கணிப்பொறி பிழையின்றித் தவறான விடையைத் தரும்.

இரண்டாவது, வரைபடத்தின் ஆதாரம். லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி தக்காணத்தின் வழியாக வடக்கே சென்றது. அவருடைய உதவியாளராக 1818இல் ஐதராபாத் பகுதியில் பணியைத் தொடங்கிய எவரெஸ்டின் பெயரால் வழங்கும் புவியுருவத்தை ஆதாரமாகக் கொண்டே இந்திய நிலவரைபடங்கள் நெடுங்காலம் அச்சிடப்பட்டன. செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவியின் ஆதாரமோ வேறு. இரண்டையும் மாற்றுக் கணக்கின்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இப்பகுதியில் ஓர் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். 150 மீட்டர் அகலச் சாலைக்கு இது சிறு பிழையன்று. கிராம வரைபடங்களோ இவ்விரண்டில் எதனோடும் இயல்பாகப் பொருந்துவதில்லை. முச்சந்தி எல்லைக் கற்களைக் களத்தில் தேடிக் கண்டுபிடித்துத்தான் பொருத்தியாக வேண்டும். நில அளவைப் பயிற்சிக்கென 1967 முதல் உப்பலில் இயங்கிவரும் நிறுவனமும், பாலாநகரிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையமும் உள்ள நகரில் இதற்கு ஆலோசனை பெறத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை!

நாற்பத்தொரு மீட்டர்

பொருளியல் மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரு நேர்கோடுகள் 40 பாகைத் திருப்பத்தில் சந்திப்பதாகக் கொள்வோம். ஆரம் 360 மீட்டராயின், வளைவின் நடுப்புள்ளி வெட்டுப்புள்ளியிலிருந்து 23 மீட்டர் உள்ளே விலகுகிறது. ஆரத்தை 1,000 மீட்டராக உயர்த்தினால் விலகல் 64 மீட்டர். இரண்டு வளைவுகளுமே விதிக்கு உட்பட்டவை. ஆனால் இடையிலுள்ள 41 மீட்டரில் ஒருவருடைய கிணறு சாலைக்குள் வருகிறது, மற்றொருவருடைய வீடு சாலையிலிருந்து தப்புகிறது. கணிப்பொறி மண்வேலையின் கன மீட்டர்களைக் கணக்கிட்டுத் தருகிறது, கிணற்றைக் கணக்கிடுவதில்லை. கிணற்றின் விலை, மாற்றுக் கிணறு கிடைக்கும் வரையிலான விளைச்சல் இழப்பு, பாதியாகத் துண்டிக்கப்பட்ட வயலின் மதிப்புக் குறைவு ஆகியவை யாரேனும் ஒருவர் களத்திற்குச் சென்று எழுதி வந்தாலொழியத் திட்டக் கணக்கில் ஏறமாட்டா.

அதே வேளையில், அகன்ற வளைவை வேண்டுவோர் வீண்பேச்சுப் பேசுபவரல்லர். ஐதராபாதின் பயோடைவர்சிட்டி சந்திப்பில் 2019 நவம்பர் 4 அன்று திறக்கப்பட்ட மேம்பாலம் இதற்குச் சான்று. நெருக்கடியான இடத்தில் வளைந்து செல்லும் அப்பாலத்திற்கு வேக வரம்பு 40 கிலோ மீட்டர். அதே மாதம் 23ஆம் நாள் விரைந்து வந்த ஒரு கார் பாலத்திலிருந்து கீழே பாய்ந்ததில், கீழ்ச்சாலையில் நின்ற பெண்ணொருவர் உயிரிழந்தார். காரின் வேகம் 100 கிலோ மீட்டரையொட்டி இருந்ததெனக் காவல்துறை கணித்தது. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; 40க்கு அமைந்த வளைவில் 100இல் சென்றால் தள்ளும் விசை இரண்டரை மடங்கன்று, ஆறேகால் மடங்கு. பாலம் மூடப்பட்டு, வல்லுநர் குழு ஆராய்ந்து, எச்சரிக்கைப் பலகைகளும் வேகத்தைக் குறைக்கும் பட்டைகளும் சேர்க்கப்பட்ட பின் 2020 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. பிழை ஓட்டுநருடையது என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் அகன்ற நேரான சாலையில் விரைந்து பழகியவர், ஒரு பலகையைக் கண்டு பாதிக்கும் கீழே வேகத்தைக் குறைப்பார் என்று எதிர்பார்க்கும் வடிவமைப்பு, மனித இயல்பை அறியாதது. அடுத்தடுத்த வளைவுகளின் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி கணிப்பொறியில் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே.

கணிப்பொறி தந்த உண்மையான சிக்கனம் மாற்றுக் கோடுகளில் இருக்கிறது. பழைய முறையில் மூன்று மாற்றுப் பாதைகளை வரைவதற்கே மாதங்கள் பிடித்தன. எனவே ஒன்றோடு நின்றுவிட்டதில் வியப்பில்லை. இன்று ஒரு வாரத்தில் பத்து வரையலாம். எனினும் பல அலுவலகங்களில் முதலில் ஒரு கோடு முடிவாகிறது. பின்னர் அதனை அழகுபடுத்தவே மென்பொருள் உதவுகிறது. மற்ற கோடுகள் கோப்பில் இருந்தாலும், அவை ஏன் தள்ளப்பட்டன என்பதற்கு இரண்டு வரிக் குறிப்புக்கூட இருப்பதில்லை. விவசாயி நீதிமன்றம் செல்லும்போது அரசு வழக்குரைஞர் தேடுவது அந்த இரண்டு வரிகளைத்தான். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலமெடுப்புச் சட்டத்தில், ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பின் மடங்காகவும், அதற்குச் சமமான ஆறுதல் தொகையுடனும் இழப்பீடு தரப்பட வேண்டியிருப்பதால், கோட்டின் ஒவ்வொரு விலகலுக்கும் கருவூலமும் விலை கொடுக்கிறது.

வெளிவட்டச் சாலைக்கு அப்பால் சுமார் 340 கிலோ மீட்டர் நீளத்தில் மண்டல வட்டச் சாலை ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. அதன் கோட்டை எதிர்த்தும் பல கிராமங்களில் விவசாயிகள் குரல் எழுப்பியுள்ளனர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சாலை வேண்டாம் என்பதன்று. அந்த இடத்தில் கோடு ஏன் வளைந்தது என்பதே. ஆரம், வேகம், சாய்வு, ஏரியின் கரை, பாறையின் இருப்பு எனக் காரணம் எதுவாயினும், கிராம வரைபடத்தின் மீது மாற்றுக் கோடுகளையும் சேர்த்து அச்சிட்டு, மண்டல அலுவலகச் சுவரில் தெலுங்கில் ஒட்டி வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு நாள் அச்சுக் கூலிக்கு மேற்படாது.