பள்ளிவிட்டு வரும் வழி

(மகாவீர் ஜெயந்தி விழாவின் பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)

 

"குழந்தைகள் பள்ளியிலிருந்து தனியே நடந்து வரலாமா?" என்னும் தலைப்பை விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்தபோது, பகவானின் பிறந்தநாள் விழாவில் இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். பின்னர்தான் நினைவுக்கு வந்தது: நடப்பதையே ஒரு நோன்பாக வகுத்துத் தந்த அறம் நம்முடையது. அந்த அறத்தின் துணையோடு, என் வீட்டில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, இந்த வினாவுக்கு என்னால் இயன்ற விடையைக் கூற விரும்புகிறேன்.

நான் பிறந்தது வந்தவாசிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். உயர்நிலைப் பள்ளிக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போக வேண்டும். ஏழெட்டுப் பிள்ளைகள் கூட்டமாகப் போவோம். பெரியவன் முன்னே, சிறியவன் நடுவே. எங்களைக் கொண்டுவிட எவரும் வந்ததில்லை. இதைச் சொல்வதால், அந்தக் காலமே பொற்காலம் என்று நான் கூறுவதாக எண்ண வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரியின் கலங்கல் வழியும்போது முழங்கால் அளவு நீரில் கைகோத்துக் கடந்திருக்கிறோம். இன்று நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. எங்கள் பெற்றோர் எங்களைவிட அறிவாளிகளாக இருந்ததால் தனியே அனுப்பவில்லை. கழனி வேலை விடவில்லை, அதனால் அனுப்பினார்கள். ஆனால் அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு இரண்டு பேருந்துகளும் சில மாட்டு வண்டிகளுமே போயின. எதிரே வருபவர் எவராயினும் எங்கள் ஒவ்வொருவரையும் இன்னார் பிள்ளை என்று அறிந்திருந்தார்கள். இன்றைய சாலை அதுவன்று.

ஆதலால்தான், ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, "தோழிகளோடு நடந்தே வருகிறேன்" என்று கேட்டபோது, வீட்டில் முதலில் மறுத்தவன் நானே. பள்ளி, வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, "தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்" என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்னவன், என் பேத்திக்கு மட்டும் அதை மறுத்து, நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு இருசக்கர வண்டியோடு பள்ளி வாசலில் நின்றேன். ஒரு நாள் வண்டியின் பின்னால் அமர்ந்தபடி அவள் கேட்டாள்: "தாத்தா, உங்களுக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா? ரோட்டின்மேல் நம்பிக்கை இல்லையா?"

"ரோட்டின்மேல்தான் அம்மா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சாலையின்மேல் நம்பிக்கை இல்லாதவன், அந்தச் சாலையில் எங்கே என்ன ஆபத்து இருக்கிறது என்று ஒரு நாளாவது நடந்து பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. எனக்கு இருந்தது அச்சம்; அதை அக்கறை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அச்சமும் கவனமும் ஒன்றல்ல என்பது நம் அறத்தின் அடிப்படைகளுள் ஒன்று. இம்சைக்கு இலக்கணம் கூறும் தத்துவார்த்த சூத்திரம், கவனமற்ற செயலால் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என்கிறது. ஆகவே அகிம்சை என்பது அசையாமல் இருப்பதன்று, விழிப்போடு அசைவது. துறவியர்க்கு வகுக்கப்பட்ட ஐந்து சமிதிகளில் முதலாவது ஈர்யா சமிதி. பகல் வெளிச்சத்தில், பலரும் நடந்த வழியில், முன்னே நான்கு முழ தூரம் நிலத்தைப் பார்த்து, சிற்றுயிரும் மிதிபடாமல் நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். உலகில் எங்கும் உயிர்கள் நிறைந்திருக்கின்றன, நடந்தால் ஏதேனும் ஒன்று மிதிபடக்கூடும், ஆதலால் முனிவர்கள் நடக்கவே கூடாது என்று ஆசாரியர்கள் கூறவில்லை. எப்படி நடப்பது என்றே கற்பித்தார்கள்.

அம்முனிவர்கள் நம் ஊர் வழியே விகாரம் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? அவர்களோடு நடக்கிறோம். நெடுஞ்சாலையில் லாரிகள் விரைகின்றன என்பதற்காக அவர்களை வாகனத்தில் ஏற்றுவதில்லை. அடுத்த ஊர்ச் சிராவகர்கள் வந்து சேரும்வரை உடன் சென்று, அவர்களிடம் ஒப்படைத்துத் திரும்புகிறோம். பிள்ளைகளின் பாதைக்கும் இதுவே முறையாக இருக்கலாகாதா?

மறுநாள் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு அவளோடு நடந்தே வந்தேன். மூன்று செய்திகள் கண்ணில் பட்டன. முதலாவது, வழியிலேயே மிக ஆபத்தான இடம் பள்ளி வாசல்தான். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த வண்டிகள் இருபுறமும் நெருக்கி நிற்க, நடந்து வரும் குழந்தை அவற்றின் நடுவே புகுந்து புகுந்து வர வேண்டியிருந்தது. அந்த வண்டிகளில் ஒன்று இத்தனை நாளும் என்னுடையது. இரண்டாவது, கடைத்தெரு முனையில் சரக்கு இறக்க நிற்கும் லாரி. என் உயரத்துக்கு அதற்கு அப்பால் வரும் வண்டி தெரிகிறது. அவள் உயரத்துக்குத் தெரியவில்லை. மூன்றாவது, மூடியில்லாத ஒரு கால்வாய். பெற்றோர் சிலர் சேர்ந்து உரிய அலுவலகத்தில் மூன்று முறை மனுக் கொடுத்தபின் கால்வாய்க்கு மூடி வந்தது. பள்ளி வாசலில் கேட்ட வேகத்தடை இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். 1971-இல் அங்கே ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990-இல் அது நூற்றுக்கு 9 ஆகக் குறைந்தது. அந்த இடைவெளியில் சாலையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆனால் சாலைகள் நல்லவையாகிவிட்டன என்று ஆய்வாளர் மகிழவில்லை; சாலையிலிருந்து குழந்தைகளை அகற்றிவிட்டோம், அவ்வளவே என்றனர். நாமும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். நம் கல்வி உரிமைச் சட்டமோ, நடந்து செல்லும் தூரத்தை அளவாகக் கொண்டது. அதன்கீழ் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. பள்ளிக்கு நடந்து போகலாம் என்று சட்டம் கருதுமானால், நடக்கத்தக்க பாதையைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

அப்படியானால் நாளையே பிள்ளையைத் தனியே அனுப்பிவிடலாமா? கூடாது. இதற்கும் நம் சிராவக ஒழுக்கமே வழி காட்டுகிறது. திக்விரதம் ஏற்பவர், இந்தத் திசையில் இந்த ஆறு வரை, இந்த மலை வரை என்று, எல்லாரும் அறிந்த அடையாளங்களை எல்லையாக வைத்துக்கொள்வார். தேசவிரதத்தில் அந்த எல்லையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு இன்னும் சுருக்கிக்கொள்வார். பெரியவர்கள் தம் ஆசையை அடக்கச் சுருக்கும் எல்லையை, குழந்தையின் திறமை வளர வளர நாம் விரிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் வாரம் அவள் வழிநடத்த, நான் உடன் வந்தேன். எங்கே கடப்பது, எப்போது கடப்பது என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். அடுத்த வாரம் பத்தடி பின்னால் நடந்தேன். அதற்கடுத்து, மேல்நிலை நீர்த்தொட்டி அருகே நின்றுகொண்டேன். பிறகு எங்கள் தெருமுனையில். ஒரு மாதம் கழித்து வீட்டுத் திண்ணையில்.

எந்த வயதில் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் எண் ஒன்று இல்லை. ஆனால் ஏறத்தாழப் பத்து வயது நிரம்பும் முன், எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் ஆற்றல் குழந்தைகளுக்கு முழுமையாக வருவதில்லை. அவ்வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெருஞ்சாலையைத் தனியே கடக்கலாகாது. அதற்கு மேல், வயதைவிடப் பழக்கத்தைப் பாருங்கள். வீட்டு முகவரியும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் மனப்பாடமாகத் தெரியுமா? வழியில் பயம் வந்தால் நுழைவதற்கு இரண்டு வீடுகளோ கடைகளோ தெரியுமா? அறிந்தவரே வந்து, "வா, வண்டியில் ஏறு" என்றாலும், "அம்மாவைக் கேட்காமல் வரமாட்டேன்" என்று சொல்லத் தெரியுமா? இத்தனையும் தெரிந்த குழந்தையும் கூடியவரை இருவர் மூவராக வருவதே நன்று.

நேரமும் ஓர் எல்லைதான். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் மறையவில்லை. அந்தப் பொழுதையே இதற்கும் வையுங்கள். கார்த்திகை மாதத்தில் நம் பகுதியில் மாலை 5.40 அளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். சிறப்பு வகுப்பு ஆறு மணி வரை நடக்கும் நாளில் பெரியவர் ஒருவர் போயே ஆக வேண்டும். அதில் பெருமைக் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் மனம் திறந்து கேட்கிறேன். பன்னிரண்டு வயதில் நடக்க விடாத நாம், பதினைந்து வயதில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகிறது. தண்டனைக்காக அன்று, சாலையை நடந்து அறியாத பிள்ளை, வண்டியில் அதை எப்படி அறியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் தனியே வரத் தொடங்கிய மூன்றாம் வாரம், ஒரு நாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். தோழியின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவளோடு மெல்ல நடந்து, அவளை வீட்டில் விட்டு வந்திருக்கிறாள். அதைச் சொல்லக்கூட விடாமல் நான் வாசலிலேயே கத்திவிட்டேன். "இனி நடந்தது போதும்" என்றேன். அதன்பின் ஒரு வாரம் பள்ளியைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும், "ஒன்றுமில்லை தாத்தா."

அந்த "ஒன்றுமில்லை"தான் என்னை உண்மையில் அச்சுறுத்தியது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்வோரில் மிகப் பெரும்பாலோர் முன்பே அறிமுகமானவர்கள் என்பதைக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. அத்தீங்கு, தனியே நடக்கும் தெருவில் மட்டும் காத்திருப்பதில்லை. ஆட்டோவிலும் தனிவகுப்பிலும் உறவினர் வீட்டிலும் நேரலாம். அதிலிருந்து காப்பதற்குப் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. உதவிக்கு 1098 என்னும் எண் இருக்கிறது. ஆனால் குழந்தை வாய் திறந்தால்தான் இவையெல்லாம் பயன்படும். செருப்பு அறுந்ததைச் சொல்லவே அஞ்சும் குழந்தை, அதைவிடப் பெரியதை யாரிடம் சொல்லும்? சமிதிகளில் இரண்டாவது பாஷா சமிதி; இதமாகவும் அளவாகவும் பேசுதல். நடக்கும் பிள்ளைக்கு ஈர்யா சமிதியைக் கற்பித்தால், வாசலில் காத்திருக்கும் நாம் பாஷா சமிதியைக் கைக்கொள்ள வேண்டும் என்பதை அந்த ஒரு வாரத்தில் கற்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நம் மரபில் அது புதிதன்று. ஆண்டுதோறும் எல்லா உயிரிடமும் கேட்பதைத்தான் பேத்தியிடம் கேட்டேன்.

பெண் பிள்ளை பெற்றோருக்கு ஒரு சொல். பையன் என்றால் போகலாம், பெண் என்றால் கூடாது என்பது பல வீடுகளில் பேசாத சட்டமாக இருக்கிறது. ஆதி பகவான் விருஷப தேவர் எழுத்தைக் கற்பித்தது தம் மகள் பிராமிக்கு. எண்ணைக் கற்பித்தது தம் மகள் சுந்தரிக்கு. அவர்கள் வழிவந்த பெண்கள், பள்ளி தொலைவு என்பதற்காகப் படிப்பை நிறுத்துவது நமக்கு அழகன்று. அவளுக்கு ஆபத்து மிகுதி என்றால், அவள் நடையைக் குறைக்காமல் நம் துணையைக் கூட்டுவோம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்கள் பல, ஊரை விட்டு நகரங்களில் சிதறி வாழ்கின்றன. ஆயினும் ஜினாலயத்தைச் சுற்றி இரண்டு மூன்று தெருக்களில் பத்து வீடுகளேனும் இருக்கின்றன. அந்தப் பத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து நடக்கட்டும். என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் மாலை நான்கு மணிக்கு ஆளுக்கொரு முனையில் நிற்கலாம். எதிரே வருபவர் ஒவ்வொரு பிள்ளையையும் இன்னார் பிள்ளை என்று அறிந்திருந்த அந்த ஏரிக்கரையை, நகரத்தின் மூன்று தெருக்களிலாவது நாம் திரும்ப உண்டாக்கலாம்.

என் பேத்தி இப்போது நடந்துதான் வருகிறாள். நான்கரை மணி ஆகும்போது இன்றும் என் கண் தெருமுனைக்குப் போகிறது. அச்சம் முழுதும் போய்விடவில்லை. ஆனால் அதைச் சுமக்க வேண்டியவன் நான். அவள் தோளில் புத்தகப் பையே போதும்.