மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பாகூர் கொம்யூனில் இருந்து வருகிறேன். பத்தாவது வரை படித்தவள். சட்டம் பேசுகிற அளவுக்குப் படிப்பு கிடையாது. எங்க குழு விஷயமா ஆறு மாசம் ஆபீஸ் ஆபீஸா நடந்தோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா, பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் கொத்தனார். ஊருக்கெல்லாம் வீடு கட்டுறவர், இவங்க மட்டும் வாடகை வீடு. குழுக் கடன், நகை அடமானம், கைமாத்து எல்லாம் சேர்த்து ஒரு மனைக்கு முன்பணம் கட்டினாங்க. வயலில் செம்மண் கொட்டி, கல் நட்டு, கலர் கொடி கட்டி, வேன் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டினாங்களாம். ஆளுக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வேற. பட்டா இருக்கு, வில்லங்கம் இல்லைன்னு புரோக்கர் சொன்னார். ரெண்டும் நிஜம்தான், நாங்களே போய்ப் பார்த்தோம். ஆனா பத்திரம் பதியப் போன இடத்தில், அங்கீகாரம் இல்லாத மனை, பதிய முடியாதுன்னுட்டாங்க. அந்த வயல் விவசாய மண்டலத்தில் இருக்கு. புரோக்கர் இப்போ போனை எடுக்கிறதில்லை. அக்கா மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு இருக்காங்க.

எங்களுக்குப் புரியாமல் இருந்தது இதுதான். பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும். நம்ம புதுச்சேரியில் அதை நிலமகள் கணினிப் பதிவேட்டிலேயே பார்த்துக்கலாம். வில்லங்கச் சான்று அதன் மேல் கடன், அடமானம் உண்டா என்று சொல்லும். அந்த நிலத்தில் வீடு கட்டலாமா, கடை போடலாமா, நெல் மட்டும்தான் நடலாமா என்பதை இந்த ரெண்டு காகிதமும் சொல்லாது. அதைச் சொல்கிற இடம் வேறு. பி.பி.ஏ. என்று சொல்றாங்களே, அந்தப் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம்.

1969ஆம் ஆண்டு நகர, கிராம அமைப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. நகரம் மட்டுமில்லை, நம்ம கிராமங்களும் அதில் அடங்கும். எந்தெந்த இடம் எதற்கு என்று முழுப் பகுதிக்கும் ஒரு வரைபடம் போடறாங்க. குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம், பொது உபயோகம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். விரிவான வளர்ச்சித் திட்டம் என்று அதற்குப் பெயர். இப்போது இருக்கிறது 2036ஆம் ஆண்டைக் கணக்கில் வைத்துப் போட்டது. எந்த மண்டலத்தில் எது கட்டலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு 2012ஆம் ஆண்டு கட்டட விதிகள் இருக்கு. விவசாய மண்டலத்தைக் குடியிருப்பாக மாற்ற வழி இல்லாமல் இல்லை. ஆனா அது மேலே வாரியம், அரசு வரை போய் வரணும். புரோக்கர் "ரெண்டு மாசத்தில் மாற்றித் தரேன்" என்றால், மாற்றின பிறகு வாங்கிக்கிறேன் என்று சொல்லிட்டு வந்திடுங்க.

இன்னொன்று. நம்ம புதுச்சேரிப் பகுதி மொத்தமே 293 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒட்டுத் துணி மாதிரி, நடுநடுவில் தமிழ்நாடு. முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். "பாண்டிக்குப் பத்து நிமிஷம்" என்று நோட்டீஸ் கொடுக்கிற மனை பாதி அந்தப் பக்கம்தான் இருக்கும். அங்கே நம்ம பி.பி.ஏ. அனுமதி செல்லாது. டி.டி.சி.பி. அனுமதி இருக்கான்னு கேட்கணும். அங்கே 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. அடுத்த வருஷம் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த விதி கொண்டு வந்தாங்க. நம்ம பக்கமும் அதே 2017இல் அப்படி ஒரு திட்டம் வந்தது. அந்தச் சலுகை முன்னாடியே விற்றுப்போன மனைகளுக்கு. நேற்று கல் நட்டவர் அதைக் காட்டி விற்றால் நம்பாதீங்க.

ஏழை ஒரு வீடு கட்ட இத்தனை சட்டமா என்று எனக்கும் கோபம் வந்தது. அதுவும், பெரிய பணக்காரர் இடம் என்றால் மண்டலம் மாறுது, நமக்கு மட்டும் மாற மாட்டேங்குதே என்ற கோபம் இன்னும் போகவில்லை. ஆனா 2024 டிசம்பர் 1ஆம் தேதி காலையை நினைச்சுப் பாருங்க. ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் படகு விட்டு ஆட்களை இறக்கினாங்க. தாழ்ந்த வயலும் வாய்க்காலும் மனையாகிப் போனால் அந்தத் தண்ணீர் நம்ம அடுப்பங்கரைக்குத்தான் வரும். அதனால் மண்டலம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் சகோதரிகள் வந்திருக்கீங்க. உங்களுக்கு இதோடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று இன்னொன்றும் உண்டு. 1991இல் மத்திய அரசு கொண்டு வந்தது, 2011இலும் 2019இலும் திருத்தி எழுதினாங்க. கடல் ஏறி வரும் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரைக்கும் அதன் கணக்கு. மீனவக் குடும்பங்களுக்குத் தனிச் சலுகை அதில் இருக்கு. வீட்டை இடித்துக் கட்டும் முன் அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

தொழில் கடன் வாங்குகிறவர்களும் கேட்கணும். வீட்டில் தையல், ஊறுகாய் என்றால் பிரச்சினை வராது. மாவு மில் மாதிரி மோட்டார் வைத்து ஷெட் போடுகிறவங்க, மெஷினுக்குப் பணம் கட்டும் முன் இடத்தைக் கேட்டுடுங்க.

எங்க குழுவில் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். மனை வாங்கக் கடன் கேட்டால், அந்த ரீ-சர்வே எண் எந்த மண்டலம் என்று எழுத்தில் வாங்கிட்டு வரணும், அப்புறம்தான் கடன். ஆபீஸில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். மனு கொடுத்து ரசீது வாங்குங்க. பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க, 30 நாளில் பதில் தரணும். இதே தீர்மானத்தைக் கூட்டமைப்பும் போட வேண்டும் என்று தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை திட்ட வரைவு வெளியிட்டு ஆட்சேபனை கேட்கும்போது, குழுவுக்கு ஒருத்தராவது போய் நம்ம ஊர் எந்த நிறத்தில் இருக்குன்னு பார்த்துட்டு வரணும்.

இப்போ யாராவது மனை பார்த்து வைத்திருந்தால், ஊர்ப் பெயரும் ரீ-சர்வே எண்ணும் எழுதிக்கிட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க. நானும் எங்க செயலாளர் அக்காவும் பந்தலுக்குப் பின்னாடி உட்கார்ந்திருப்போம், மனு எழுதித் தருகிறோம்.